எஸ்யூவி வாங்கப் போறீங்களா? முதல்ல தண்ணியையும் பிரேக்கையும் பாருங்க

பட்டறைக்கு வருகிறவர்கள் இப்போது அதிகமாகக் கேட்பது, "குடும்பத்துக்கு ஒரு எஸ்யூவி எடுக்கணும், எது எடுக்கலாம்ணே?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வண்டி தினமும் எங்கே ஓடும்? பலரிடம் இதற்கு உடனே பதில் வராது. மாடல், கலர், சன்ரூஃப் வரை முடிவாகியிருக்கும், ஓட்டத்தை மட்டும் யோசித்திருக்க மாட்டார்கள். தர்மபுரியில் வண்டிகளைப் பிரித்துப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், என்னிடம் வரும் பெரிய செலவுகள் பலவும் கம்பெனி செய்த தப்பால் வருவதில்லை. ஓட்டத்துக்குப் பொருந்தாத வண்டியை எடுப்பதாலும், நம்ம ஊர் போர் தண்ணியாலும், சேலம் போகும் வழியிலுள்ள தொப்பூர் கணவாய் இறக்கத்தாலும் வருகிறது.

டீசலில் இருந்து ஆரம்பிக்கலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்த பிறகு விற்கும் டீசல் கார்களில், புகை போகும் வழியில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கும். கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, வண்டி கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓடி நன்றாகச் சூடேறியதும், சுமார் 600 டிகிரி வெப்பத்தில் அதை எரித்துவிடும். வாரம் இரண்டு தடவை ஓசூர், பெங்களூரு என்று ஹைவேயில் போய் வருகிறவருக்கு இது நடப்பதே தெரியாது. ஆனால் வீடு, ஸ்கூல், கடைத்தெரு என்று நாலு கிலோமீட்டருக்குள்ளேயே சுற்றும் வண்டியில் எரிப்பு பாதியில் நின்றுகொண்டே இருக்கும், டேஷ்போர்டில் விளக்கு எரியும், அப்புறம் பிக்கப் போய்விடும். அதைவிட மோசமான விஷயம், எரிப்புக்காகக் கூடுதலாகப் பீய்ச்சப்படும் டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்துவிடும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருக்கும். ஆயில் குறையவே இல்லையே என்று அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நீர்த்துப்போன ஆயிலில் ஓடினால் பேரிங்கும் டர்போவும் சீக்கிரம் தேய்ந்துவிடும். உங்கள் ஓட்டம் டவுனுக்குள்தான் என்றால் பெட்ரோல் எடுங்கள், மைலேஜில் போகிற காசு இந்த ரிப்பேரில் போகிற காசைவிடக் கம்மி.

இன்னொரு தவறான நம்பிக்கை, எஸ்யூவி என்றாலே நாலு சக்கரமும் இழுக்கும் என்பது. பிரெஸ்ஸா, கிரெட்டா எல்லாம் முன் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிகள், கார் மாதிரியே ஒரே கூடாகக் கட்டியவை. பொலிரோவும் ஸ்கார்பியோவும் தனிச் சேஸிஸ் மேல் பாடி உட்கார்ந்த வண்டிகள். தோட்டத்துக்கு மண் ரோட்டில் தினமும் போக வேண்டும், அஞ்செட்டி பக்கம் சுமையோடு ஏற வேண்டும் என்றால் இரண்டாவது வகைக்கு அர்த்தம் உண்டு. இல்லையென்றால் முதல் வகைதான் குடும்பத்துக்கு அலுப்பில்லாமல் ஓடும்.

இப்போது தண்ணி. நம்ம மாவட்டத்துப் போர் தண்ணியைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. அதிலுள்ள ஃப்ளோரைடால் பல்லும் எலும்பும் கெட்டதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குடிக்கக்கூடாத அந்தத் தண்ணியை ரேடியேட்டரில் தாராளமாக ஊற்றுகிறோம். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே உப்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிந்து அடைக்கிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் நீர்த்துப்போவதால் துருவும் சேரும், வாட்டர் பம்ப் அரிக்கும். ஊருக்குள் ஓடும்வரை எதுவும் தெரியாது. ஏப்ரல் மே வெயிலில் ஏழு பேர், ஏசி, மேலே லக்கேஜ் என்று ஏற்றிக்கொண்டு ஏற்காடு ஏறும்போதுதான் டெம்பரேச்சர் முள் மேலே போகும், அப்போதும் நிறுத்தாமல் ஓட்டினால் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் போகும், ஹெட்டே வளைந்துபோகவும் வாய்ப்புண்டு. பாலக்கோட்டிலிருந்து வந்த ஒரு குடும்ப வண்டியில் ரேடியேட்டரைக் கழற்றினேன், பாதிக் குழாய்களில் தண்ணி இறங்கவே இல்லை. வண்டி ஒன்றும் பழசில்லை. வழியில் எங்கு குறைந்தாலும் பக்கத்துத் தோட்டத்து மோட்டாரில் பிடித்து ஊற்றியிருக்கிறார்கள். கம்பெனி சொன்ன கூலன்ட்டை ஊற்றுங்கள், கலக்க வேண்டிய வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் சேருங்கள். பேட்டரிக்கு வாங்குகிறோமே, அதேதான், விலையும் சொற்பம்.

செகண்ட் ஹேண்ட் பார்க்கிறவர்கள் இதையேதான் முதலில் சோதிக்க வேண்டும். "நான் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். கூலன்ட் துருவேறிச் செங்கல் கலரில் கலங்கியிருந்தால் அந்த வண்டியின் வரலாறு அங்கேயே தெரிந்துவிட்டது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் ஏடு மாதிரி படிந்திருந்தால் ஆயிலில் தண்ணி கலக்கிறதா என்று மெக்கானிக்கை வைத்துப் பார்க்காமல் பேச்சைத் தொடராதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், நுனியில் சேறு காய்ந்திருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. சென்னையில் 2015-லும் 2023-லும் மூழ்கிய வண்டிகள் சென்னையிலேயே விற்கும் என்று நினைக்க வேண்டாம், துடைத்து பாலீஷ் போட்டால் எந்த ஊருக்கும் போகும். டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. மீட்டர் முப்பதாயிரம் காட்டுகிறது, ஆனால் இரண்டாவது செட் டயர் ஓடுகிறது என்றால் மீட்டரைச் சந்தேகப்படுங்கள். மெக்கானிக் ஸ்கேனர் கருவியை மாட்டிப் பார்க்கும்போது கோளாறு எதுவும் இல்லை என்று வந்தால் மட்டும் போதாது, பதிவான கோளாறுகளைக் கொஞ்சம் முன்னால் அழித்திருக்கிறார்களா என்பதும் தெரியும், அதையும் கேளுங்கள்.

தொப்பூர் கணவாய் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதவில்லை. சேலம் பக்கம் இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மிச்சமே ஆவதில்லை. இன்றைய இன்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கினால் எரிபொருள் போவதே நின்றுவிடும், நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்காக எரிந்துகொண்டே இருக்கும். இரண்டு டன்னுக்கு மேல் கனக்கும் நிறைந்த வண்டியை பிரேக் மட்டுமே பிடித்து நிறுத்த வேண்டியிருப்பதால் டிஸ்க் கொதிக்கும், அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பின் அந்த அளவு 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி சேரும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள், இறக்கத்துக்கு முன்பே மூன்றாவது கியருக்கு வாருங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோடில் போடுங்கள். பிரேக் பேட் கருகும் வாசனை வந்தால் பாதுகாப்பான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி ஆறவிடுங்கள், தண்ணி ஊற்றாதீர்கள்.

மூன்றாவது வரிசை சீட்டுக்காக எடுக்கிறவர்கள் கடையிலேயே அதில் ஒரு பெரியவரை உட்காரவைத்துப் பாருங்கள். பழைய சுமோ, ஸ்கார்பியோவில் பின்னால் பக்கவாட்டில் பார்த்த சீட்டுகள் இருக்கும், அங்கே குழந்தைகளை உட்காரவைத்து ஹைவேயில் போகவே போகாதீர்கள். புது வண்டி என்றால் 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மோதல் சோதனையில் அந்த மாடலுக்கு எத்தனை ஸ்டார், குறிப்பாகக் குழந்தைகளுக்கு எத்தனை என்று கேட்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

கடைசியாகப் பேப்பர். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் கர்நாடக நம்பர் வண்டிகள் விலை மலிவாக வரும், டெல்லி வண்டிகளும் வரும். டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசலுக்குத் தடை போட்டதுதான் டெல்லி வண்டிகளின் மலிவுக்குப் பெரிய காரணம். வேற்று மாநில நம்பரை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும், தமிழ்நாட்டு ரோடு டாக்ஸும் கட்ட வேண்டும், அதற்குப் பழைய ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று (என்ஓசி) வேண்டும். லோன் இருந்த வண்டி என்றால் ஹெச்பி, அதாவது லோன் கொடுத்தவர் பெயரில் இருக்கும் அடமானப் பதிவு, கேன்சல் ஆகிவிட்டதா, அபராதம் பாக்கி இருக்கிறதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டுப் பார்த்துவிடலாம். டாக்ஸ் எவ்வளவு வரும் என்று ஆர்டிஓ ஆபீஸில் நேரடியாகக் கேட்டு, அதையும் வண்டி விலையோடு கூட்டி, அதே வருடத்து தர்மபுரி டிஎன் 29 அல்லது கிருஷ்ணகிரி டிஎன் 24 வண்டி என்ன விலைக்குப் போகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.