மேடு ஏறும்போது மட்டும் ஏன் மிஸ் அடிக்கிறது?

ஒரு பழைய பிக்கப் டிரக் சமதளத்தில் ஒழுங்காக ஓடும். பாரம் ஏற்றி மேட்டில் விட்டால் திணறும், குலுங்கும், சைலன்சரில் டப் டப்பென்று வெடிக்கும். இன்னொன்று நேர்மாறு. நிற்கும்போது நடுங்கும், ஆக்சிலேட்டரை மிதித்ததும் சரியாகிவிடும். இரண்டையும் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போவது என்றுதான் சொல்வோம், ஆனால் கோளாறு வேறு வேறு இடத்தில் இருக்கிறது. பிளக், காயில், வயர் என்று மொத்தமாக வாங்கி மாட்டுவதற்கு முன்னால், எப்போது மிஸ் ஆகிறது, எந்த சிலிண்டரில் ஆகிறது என்ற இரண்டையும் கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் காசு மிச்சம்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் (பிஸ்டன்கள் தள்ளிச் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றுவதற்குள் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை எரிய வேண்டும். ஆக்சிலேட்டரை மிதிக்காத ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால், ஒரு சிலிண்டருக்கு 400 முறை. அது எரியாமல் போகும் ஒவ்வொரு முறையும் கிராங்குக்குக் கிடைக்கவேண்டிய ஒரு தள்ளு கிடைக்காது, ஒரு கணம் வேகம் குறையும். நம் இருக்கைக்கு வந்து சேரும் குலுக்கல் அதுதான். எரிவதற்கு வேண்டியவை மூன்று: சரியான கலவை (1 கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று), போதிய கம்ப்ரஷன் (பிஸ்டன் அந்தக் கலவையை அமுக்கும் அழுத்தம்), சரியான நேரத்தில் ஸ்பார்க்.

பழைய வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்பார்க்கைத்தான். பேட்டரி தருவது 12 வோல்ட். பிளக்கில் ஸ்பார்க் வருவதற்காக அதை உயர்த்தித் தருவது காயில். காயிலுக்குள் ஒரே இரும்புத் தண்டின் மேல் இரண்டு கம்பிச் சுருள்கள்: ஒன்றில் தடித்த கம்பி சில நூறு சுற்று, மற்றதில் மயிரிழைக் கம்பி பல்லாயிரம் சுற்று. தடித்த கம்பியில் மின்சாரம் ஓடும்போது காந்தப்புலம் உருவாகிறது. பாயிண்ட் என்ற சுவிட்ச் திறந்தோ, புதிய வண்டியில் டிரான்சிஸ்டர் அணைந்தோ அந்த மின்சாரம் சட்டென்று நின்றதும் காந்தப்புலம் சரிகிறது. அந்தச் சரிவில் மெல்லிய சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழும்புகிறது.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. காயில் ஒவ்வொரு முறையும் தன் முழு வோல்ட்டேஜையும் தருவதில்லை. பிளக் முனையில் உள்ள இடைவெளியை மின்சாரம் தாண்டும் வரைதான் வோல்ட்டேஜ் ஏறும், தாண்டியதும் ஏற்றம் நின்றுவிடும். எவ்வளவில் தாண்டும் என்பதை இடைவெளியின் அகலமும் அங்குள்ள வாயுவின் அழுத்தமும் தீர்மானிக்கின்றன. ஃபிரெடரிக் பாஷென் 1889-இல் கண்டறிந்த விதி இது. வாயு அடர்த்தியாக இருந்தால் எலெக்ட்ரான்கள் வேகமெடுப்பதற்குள் ஏதாவது ஒரு மூலக்கூறில் மோதிவிடும், அதனால் அவற்றை இழுக்க அதிக வோல்ட்டேஜ் வேண்டும். மேட்டில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது நடப்பது இதுதான். சிலிண்டருக்குள் கூடுதல் காற்று நிறைகிறது, அமுக்கும்போது அழுத்தமும் கூடுகிறது. பிளக்கும் பழசாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு ஸ்பார்க்கும் முனையிலிருந்து துளி உலோகத்தைத் தின்றுவிட்டுப் போகும், 1 மில்லிமீட்டர் அளவில் இருந்த இடைவெளி மெல்ல அகன்றுகொண்டே வரும்.

தேவை இப்படி ஏறும்போது மின்சாரம் சுலபமான வேறு வழியைத் தேடும். வயரின் உறையில் ஒரு வெடிப்பு இருந்தால் போதும், அங்கிருந்து இன்ஜின் உலோகத்துக்குத் தாவிவிடும். இருட்டில் பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது வயர்களின் மேல் தண்ணீரை மெல்லிய சாரலாகத் தெளித்தால், கசியும் இடத்தில் நீல நிறத்தில் மினுக்மினுக்கென்று தெரியும். கை வைக்கக்கூடாது, சட்டை நுனி ஃபேன் பக்கம் போகக்கூடாது. அப்புறம் இன்ஜினை நிறுத்திவிட்டு, ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கிறுக்கியது போல, கிளை பிரிந்த கறுப்புக் கோடு தெரிந்தால் அது கரித்தடம். கரி மின்சாரத்தைக் கடத்தும். துடைத்துப் போட்டால் கொஞ்ச நாளைக்கு ஓடும், அவ்வளவுதான். மூடியை மாற்றிவிடுவதே நல்லது.

வயரெல்லாம் புதிதாக இருந்தும் மிஸ் ஆவதுண்டு. ஷெவர்லேயின் பழைய எட்டு சிலிண்டர் ஸ்மால் பிளாக் இன்ஜினில் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. இதில் 5-ம் 7-ம் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள், எரிவதும் அடுத்தடுத்து. இரண்டின் வயர்களையும் ஒட்டினாற்போல் ஓடவிட்டால், 5-க்குப் போகும் துடிப்பு தூண்டலால் 7-இலும் ஸ்பார்க்கை உண்டாக்கலாம். அப்போது 7-இன் பிஸ்டன் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கும். அதனால்தான் அந்த இரண்டையும் கிளிப் போட்டுத் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள்.

சரி, நிற்கும்போது மட்டும் நடுங்கும் வண்டி? அங்கே வேக்குவம் கசிவை, அதாவது வெளிக்காற்று உள்ளே புகும் ஓட்டையைத் தேடுங்கள். ஐட்லிங்கில் திராட்டில் (ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) கிட்டத்தட்ட மூடியிருக்கும், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு பலமாக உறிஞ்சும். ஆரோக்கியமான இன்ஜினில் வேக்குவம் கேஜ் 17 முதல் 22 அங்குலம் பாதரசம் வரை அசையாமல் காட்டும். வெடித்த ரப்பர் ஹோஸ் வழியே கணக்கில் வராத காற்று புகுந்தால் கலவை நீர்த்துப்போய்ப் பற்றாது. திராட்டிலைத் திறந்ததும் முறையான காற்று நிறைய வருவதால் கசிவு பொருட்டாகவே இராது. ஹோஸ்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பாருங்கள். எதை நசுக்கும்போது நடுக்கம் நிற்கிறதோ அதுதான். எளிதில் தீப்பற்றும் கார்புரேட்டர் கிளீனரை அடித்துத் தேடுவோர் உண்டு, சூடான எக்ஸாஸ்ட்டின் பக்கத்தில் அந்த விளையாட்டு எனக்குப் பிடிப்பதில்லை.

எந்த சிலிண்டர் என்று அறிய, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது பழைய முறை. எதைக் கழற்றும்போது ஓட்டம் மாறவில்லையோ அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. எலெக்ட்ரானிக் இக்னிஷனில் வயரை அந்தரத்தில் தொங்கவிட்டால் உள்ளே எதாவது எரிந்துபோகலாம், எர்த் செய்து வையுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோல் பீய்ச்ச தனி இன்ஜெக்டர் இருந்தால் அதன் கனெக்டரைக் கழற்றுவது சுலபம். அமெரிக்காவில் 1996 முதல் விற்ற வண்டிகளில் ஓபிடி-2 இருக்கும், அதாவது கோளாறைக் கம்ப்யூட்டரே கண்டறிந்து குறியீடாகத் தரும் ஏற்பாடு. பி0304 என்றால் நான்காவது சிலிண்டரில் மிஸ். கிராங்க் எந்த இடத்தில் மெதுவாகிறது என்று கம்ப்யூட்டர் சென்சார் மூலம் அளந்து சொல்வது அது. காரணத்தை அந்தக் குறியீடு சொல்லாது. செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும் அளவுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அதற்குமேல் ஓட்டக்கூடாது.

சிலிண்டர் தெரிந்ததும் அதன் பிளக்கைக் கழற்றுங்கள். இளம்பழுப்பு நிறம் நல்லது. காய்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கும், பெட்ரோலில் நனைந்திருந்தால் ஸ்பார்க் வரவில்லை. அந்த பிளக்கை நல்ல சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸும் கூடவே போனால் குற்றவாளி பிளக்தான். போகவில்லையென்றால் வயரை மாற்றிப் பாருங்கள்.

எதற்கும் அசையவில்லையா, கம்ப்ரஷன் கேஜை மாட்டுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி அளந்தால், எண் ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்தே குறைந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.