பார்வை நரம்பு அறுந்தால் ஏன் மீண்டும் வளர்வதில்லை?

கொழும்பில் கண் தானம் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. டொக்டர் ஹட்சன் சில்வா 1961ல் தொடங்கிய இலங்கைக் கண் தானச் சங்கம், 1964ல் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியது. அதன் பிறகு எத்தனையோ நாடுகளில் இலங்கைக் கண்களால் பார்வை பெற்றவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் விபத்தில் ஒருவருக்குப் பார்வை போய்விட்டால், "வேற கண் வைக்க ஏலாதா டொக்டர்?" என்று வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தானமாகக் கிடைக்கும் கண்ணில் இருந்து எடுத்துப் பொருத்துவது விழிவெண்படலத்தை, அதாவது கண்ணின் முன்பக்கத்தில் உள்ள தெளிவான படலத்தை. முழுக் கண்ணையும் மாற்றும் சத்திரசிகிச்சை 2023 மே மாதம் நியூயோர்க்கில் முதன்முதலாக நடந்தது. புதிய கண்ணுக்கு இரத்தம் நன்றாக ஓடியது, விழித்திரையும் உயிரோடு இருந்தது. பார்வை மட்டும் வரவில்லை. கண்ணையும் மூளையையும் இணைக்கும் பார்வை நரம்பு, ஒரு முறை அறுந்தால் மறுபடி வளர்ந்து சேர்வதில்லை.

அறுந்த இடத்தில் தழும்பு விழுந்துவிடுகிறது, அது வழியை அடைத்துவிடுகிறது என்றுதான் வழக்கமாகக் காரணம் சொல்வார்கள். இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியையும் சொல்லாமல் விட்டால் அந்தத் தழும்புக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம்.

பார்வை நரம்பைக் கண்ணின் பகுதி என்று நினைத்துக்கொள்கிறோம். அது மூளையின் பகுதி. கருவில் மூளையில் இருந்து வெளியே நீண்டு வந்த திசுதான் விழித்திரையாகவும் இந்த நரம்பாகவும் உருவாகிறது. மூளையைச் சுற்றியிருக்கும் அதே மூன்று உறைகள் இதையும் சுற்றியிருக்கின்றன. நீளம் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர். அதற்குள் சுமார் 10 இலட்சம் இழைகள். ஒவ்வோர் இழையும் விழித்திரையில் உள்ள ஒரு கலத்தில் இருந்து புறப்பட்டு நேரே மூளைக்குள் போகிறது. கையில் ஒரு நரம்பு அறுந்தால் தைத்துவிடலாம். நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வீதம் அது வளர்ந்துகொள்ளும். மூளைத் திசுவுக்கு அந்தச் சலுகை இல்லை.

சரி, இந்த நரம்பு எப்படி அடிபடுகிறது? காலி வீதியில் மோட்டார் சைக்கிளில் போகும் ஒருவர் விழுந்து, அவருடைய புருவத்தின் வெளி ஓரம் தரையில் மோதுகிறது என்று வையுங்கள். கண்ணுக்குப் பின்னால் உள்ள குழியில் நரம்பு சற்றுத் தளர்வாகக் கிடப்பதால் அங்கே பெரிதாக இழுபடாது. ஆனால் மூளைக்குள் நுழையும் முன் அது எலும்பில் உள்ள ஒரு குறுகிய கால்வாய் வழியாகப் போக வேண்டும். அங்கே நரம்பின் வெளியுறை எலும்போடு ஒட்டியிருக்கிறது. புருவத்தில் விழுந்த அடியின் அதிர்ச்சி எலும்பு வழியாக அங்கே போய்ச் சேர, நகர முடியாத நரம்பு நசுங்குகிறது. மெல்லிய இரத்தக் குழாய்கள் கிழிகின்றன. வீக்கம் வந்தால் விரிய இடமில்லை. இத்தனையும் நடந்தும் வெளியே பார்த்தால் கண்ணில் சிவப்புக்கூட இருக்காது. எனக்கு இதில் மிகவும் கவலை தருவது இந்த இடம்தான். "கண் நல்லாத்தானே இருக்கு" என்று நாட்களைக் கடத்திவிடுகிறார்கள்.

முதல் சில மணி நேரத்தில் கிழிந்த இழைகளுக்குள் கல்சியம் புகுந்து அவற்றின் உள்ளமைப்பை உடைக்கிறது. மூளைப் பக்கமாகத் துண்டான பகுதி தாய்க்கலத்தோடு தொடர்பை இழந்து சிதைகிறது. துண்டான நரம்பு இப்படி அழிவதைத் தவளையின் நாக்கு நரம்புகளில் பார்த்து 1850லேயே எழுதியவர் ஆங்கிலேய மருத்துவர் ஓகஸ்டஸ் வொலர். இழையைச் சுற்றியிருந்த மயலின் என்ற கொழுப்புறையும் துண்டு துண்டாகிறது. நரம்பிலேயே குடியிருக்கும் மைக்ரோகிளியா என்ற காவல் கலங்கள் முதலில் வருகின்றன. இரத்தக் குழாய்கள் கிழிந்திருப்பதால் இரத்தத்தில் உள்ள தின்கலங்களும் உள்ளே நுழைகின்றன. அவற்றின் வேலை குப்பையை அகற்றுவது. கை நரம்பில் வாரக் கணக்கில் முடிகிற இந்தத் துப்புரவு, பார்வை நரம்பில் மாதக் கணக்கில் இழுபடும்.

அப்புறம் வருவது அஸ்ட்ரோசைட்டுகள். நட்சத்திர வடிவிலான இந்தக் கலங்கள் சாதாரண நாட்களில் நரம்பிழைகளுக்கு ஊட்டம் கொடுத்து, உப்புச் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும். காயம் பட்டதும் அவற்றின் நடத்தை மாறுகிறது. உடல் பெருக்கிறது, கைகள் தடிக்கின்றன, அவற்றுக்குள் ஜிஎஃப்ஏபி என்ற புரத நார்கள் நிரம்புகின்றன. காயத்தின் நடுவில் இருந்தவை செத்துவிடுவதால், ஓரத்தில் உள்ளவை பெருகி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. எலிகளில் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இந்த ஓரம் இறுகிவிடுகிறது. நடுவே காலியான இடத்தில் உறைகளில் இருந்தும் இரத்தக் குழாய்ச் சுவர்களில் இருந்தும் வந்த நார்க்கலங்கள் கொலாஜன் என்ற உறுதியான நார்ப் புரதத்தைப் படியவைக்கின்றன. ஆகவே பார்வை நரம்பின் தழும்பில் இரண்டு பகுதிகள்: நடுவில் நார்த் தழும்பு, அதைச் சுற்றி அஸ்ட்ரோசைட் வேலி.

அந்த வேலியில் கலங்கள் மட்டும் இல்லை. கொன்ட்ரோயிட்டின் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும் பெரிய புரதங்களும் அங்கே சுரக்கின்றன. வளர்ந்துவரும் இழையின் நுனி அவற்றைத் தொட்டதும் சுருங்கி, வீங்கி, அப்படியே நின்றுவிடும். இந்தச் சங்கிலிகளை வெட்டும் ஒரு நொதியத்தைப் பற்றீரியாவில் இருந்து எடுத்து, 2002ல் எலிகளின் முண்ணாண் (மூளையின் தொடர்ச்சியாக முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) காயத்தில் செலுத்திப் பார்த்தார்கள். இழைகள் ஓரளவு வளர்ந்தன, நடையும் ஓரளவு தேறியது.

அப்படியானால் தழும்பை அகற்றிவிட்டால் என்ன? 2004ல் லொஸ் ஏஞ்சலிஸில் ஒரு குழு, எலிகளின் முண்ணாண் காயத்தில் பெருகிவரும் அஸ்ட்ரோசைட்டுகளை மட்டும் அழித்துப் பார்த்தது. அழற்சி பரவி, காயத்துக்கு வெளியே தப்பியிருந்த நரம்புக் கலங்களும் செத்தன. எலிகளின் நடை முன்பைவிட மோசமானது. 2016ல் இன்னும் விரிவாகச் செய்தபோது, தழும்பு இல்லாத இடத்தில் இழைகள் வளரவே இல்லை. சரியான வளர்ச்சிப் பொருட்களைக் கொடுத்தபோது, தழும்பு இருந்தும் அதன் ஊடாகவே வளர்ந்தன. களனி கங்கை பெருகும்போது கொலன்னாவைப் பக்கத்தில் வாசலுக்கு அடுக்கும் மணல் மூட்டைகளை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வடிந்த பிறகு அவை வழியை மறிப்பது உண்மைதான். ஆனால் வீட்டைக் காப்பாற்றியதும் அவைதான்.

தழும்பைத் தவிர வேறு இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, சிதைந்து கிடக்கும் மயலின். அதில் நோகோ போன்ற புரதங்கள் இருக்கின்றன. அவையும் இழை நுனியை நிறுத்துபவை. மற்றது விழித்திரைக் கலங்களே. பிறந்து கொஞ்ச நாளில் அவை தங்கள் வளர்ச்சித் திறனைச் சுருக்கிக்கொள்கின்றன. அடிபட்டால் பெரும்பாலானவை இறந்தும் போகின்றன. எலியில் கண்ணுக்குப் பக்கத்திலேயே நரம்பை வெட்டினால் நான்கைந்து நாள் பெரிய மாற்றம் தெரியாது. ஆனால் 14 நாளுக்குள் சுமார் 90 சதவீதம் அழிந்துவிடும். தழும்பு இறுகி முடிகிற நேரத்தில், அதைக் கடந்து போக வேண்டிய கலங்களே பெரும்பாலும் மிஞ்சியிருக்காது. தழும்பை மட்டும் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லாமல் போனது இந்த விபரத்தைப் படித்தபோதுதான்.

இருந்தும் திறன் முழுதாக அழியவில்லை. 1980களில் மொன்றியலில் அல்பேர்ட்டோ அகுவாயோவின் குழு, எலியின் கால் நரம்பில் ஒரு துண்டை வெட்டிப் பார்வை நரம்போடு பொருத்தியது. சில விழித்திரைக் கலங்களின் இழைகள் அதன் வழியே சென்ரிமீற்றர் கணக்கில் வளர்ந்தன. 2008ல் பொஸ்டனில், கலத்தின் வளர்ச்சியை அடக்கும் பீட்டென் என்ற மரபணுவை எலியில் நீக்கினார்கள். நசுக்கிய இடத்தையும் தாண்டி இழைகள் நீண்டன. தழும்பை யாரும் அகற்றவில்லை.

மீனுக்கும் தவளைக்கும் இந்தச் சிக்கலே இல்லை. அவற்றின் பார்வை நரம்பில் குப்பை சீக்கிரம் அகன்றுவிடும், நிலையான தழும்பு விழாது, நரம்பு சில வாரங்களில் வளர்ந்து மூளையில் தன் பழைய இடத்தைத் தேடிப் பிடிக்கும். 1940களில் ரோஜர் ஸ்பெரி என்ற அமெரிக்க விஞ்ஞானி தவளையின் பார்வை நரம்பை வெட்டி, கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். பார்வை திரும்பியது, ஆனால் தலைகீழாக. மேலே பூச்சியைக் காட்டினால் தவளை கீழே பாய்ந்தது, எத்தனை நாள் போனாலும் திருத்திக்கொள்ளவில்லை. ஒவ்வோர் இழையும் தன் பழைய விலாசத்துக்கே போயிருக்கிறது என்பது அதில் தெரிந்தது. மனிதருக்கு ஒரு நாள் இழைகளை வளர வைத்தாலும், இந்த விலாசப் பிரச்சினை இருக்கத்தான் செய்யும்.

தலையில் அடிபட்டு வருபவருக்கு வைத்தியர் டோர்ச் லைட்டை ஒரு கண்ணில் இருந்து மறுகண்ணுக்கு மாற்றி மாற்றி அடிப்பதைக் கண்டிருப்பீர்கள். நரம்பு கெட்ட கண்ணுக்கு வெளிச்சம் வரும்போது கண்மணி சுருங்குவதற்குப் பதிலாக விரியும். முதல் நாளே இது தெரியும். கண்ணுக்குள் பார்த்தால் நரம்பின் முனை வெளிறித் தெரிய நாலைந்து வாரம் ஆகும். சிகிச்சை என்று உறுதியாகக் கையில் எதுவும் இல்லை. 1999ல் 133 நோயாளிகளை ஒப்பிட்டு வெளியான சர்வதேச ஆய்வில் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீரொய்ட் மருந்தோ சத்திரசிகிச்சையோ தெளிவான நன்மை தரவில்லை. 10,000க்கும் மேற்பட்ட தலைக்காய நோயாளிகளில் நடந்த இன்னொரு ஆய்வில், ஸ்டீரொய்ட் கொடுத்தவர்களில் இறப்பு கூடியது. இழைகள் அறுபடாமல் அதிர்ச்சியில் மட்டும் இருந்தால், எதுவும் செய்யாமலே ஓரளவு பார்வை திரும்புவதுண்டு. எப்படியிருந்தாலும், அடிபட்ட அன்றே ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிப் பார்த்து, ஒரு பக்கம் மங்கலாகவோ நிறம் மங்கியோ தெரிந்தால் உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

விபத்தே இல்லாமலும் இதே அஸ்ட்ரோசைட்டுகள் மாறுவதுண்டு. பார்வை நரம்பு மெல்ல மெல்லக் கெடும் குளுக்கோமா என்ற நோயில் கண் அழுத்தம் காரணமாக, நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் சல்லடைத் தட்டு பின்னோக்கி வளைகிறது. அங்குள்ள கலங்கள் வருடக் கணக்கில் கொலாஜனைச் சேர்த்து அந்த இடத்தை இறுக்குகின்றன. வலி இருக்காது. பக்கப் பார்வை முதலில் குறைவதால் நெடுநாள் தெரியவும் தெரியாது. ஆனால் விபத்தைப் போலன்றி இங்கே நேரம் இருக்கிறது, அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு மருந்தும் இருக்கிறது. 40 வயதைத் தாண்டியவர்கள், முக்கியமாகப் பெற்றோருக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ குளுக்கோமா இருப்பவர்கள், கண்ணாடி எடுக்கப் போகும்போது அழுத்தத்தையும் நரம்பின் முனையையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.