முப்பது வருட வில்லங்கம் பார்த்தீர்கள், உத்திரத்தைப் பார்த்தீர்களா?

போன மாதம் மதுரை மாவட்டத்தில் சோழவந்தான் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குக் கூப்பிட்டார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவன் மனைவி. சென்னையில் முப்பது வருடம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, கடைசிக் காலத்தை ஊர்ப் பக்கம் கழிக்கலாம் என்று ஒரு பழைய காரை வீட்டை வாங்கியிருந்தார்கள். பத்திரம் பதிந்து பத்து நாள். மாடியில் ஒரு ரூம் எடுக்கலாமா என்று கேட்கத்தான் கட்டட எஞ்சினியரான என்னைக் கூப்பிட்டது.

ஹாலுக்குள் நுழைந்ததும் அந்த ஐயா அண்ணாந்து உத்திரத்தைக் காட்டினார். "பர்மா தேக்கு தம்பி. இப்ப காசு குடுத்தாலும் கிடைக்காது." புது வார்னிஷில் உத்திரம் பளபளவென்று இருந்தது. நான் ஏணி கேட்டேன். நடுவில் சுத்தியலால் தட்டினேன், கணீரென்று சத்தம் வந்தது. அப்படியே தட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் நகர்ந்தேன். சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது சத்தம் மாறி, பொத்தென்று கேட்டது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். குத்தவில்லை, சும்மா அழுத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. உருவியபோது கூடவே ஈரமண் கொட்டியது. கரையான் மரத்தைத் தின்றுவிட்டு அந்த இடத்தில் மண்ணை அப்பி வைத்திருந்தது. வெளியில் வார்னிஷ் மட்டும் அப்படியே இருந்தது.

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த அம்மா, "பால் காய்ச்சுன அன்னைக்கு எல்லாரும் இதுக்குக் கீழதான தம்பி உக்காந்து சாப்பிட்டாங்க" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

இந்த வருடம் இது எனக்கு நாலாவது வீடு. நாலு வீட்டிலும் பத்திரம் முடிந்த பிறகுதான் கூப்பிட்டார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவர்கள் எதையும் பார்க்காமல் வாங்கியவர்கள் இல்லை. முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டிருக்கிறார்கள். மூலப்பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று எல்லாம் வக்கீல் பார்த்திருக்கிறார். வாஸ்துவுக்குத் தனியாக ஒருவர் வந்து போயிருக்கிறார். போர் தண்ணீரைக் கூடப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறார்கள். "சரி, கட்டடத்தை யார் பார்த்தது?" என்று கேட்டால், "பேங்க்ல இருந்து எஞ்சினியர் வந்துட்டுப் போனாரே" என்கிறார்கள்.

அவர் வந்தது மதிப்புப் போட. நாலு எல்லையை அளப்பார், கட்டடத்தின் சதுர அடியை எடுப்பார், போட்டோ பிடிப்பார், கடனைக் கட்டாவிட்டால் இந்தச் சொத்தை விற்று வங்கி பணத்தை எடுக்க முடியுமா என்று கணக்குச் சொல்வார். உங்கள் தலைக்கு மேல் இருக்கும் மரத்தைத் தட்டிப் பார்ப்பது அவருக்குக் கொடுத்த வேலை கிடையாது. கிராமத்தில் பல இடங்களில் மனையின் மதிப்பே கடனுக்குப் போதும். கட்டடம் நாளைக்கு விழுந்தாலும் வங்கிக்கு நஷ்டமில்லை. கடன் கிடைத்துவிட்டதால் வீடு நன்றாக இருக்கிறது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

அடுத்தது, "பழசா இருந்துச்சு, சிமெண்டு பூசி ஸ்ட்ராங் பண்ணிட்டாங்க." இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர் மண்ணாக இருக்கும், அல்லது மண்சாந்தில் கட்டிய செங்கல்லாக இருக்கும், வசதியானவர்கள் வீட்டில் சுண்ணாம்பில் கட்டிய செங்கல்லாக இருக்கும். இந்தச் சுவர்களுக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் தளம் எதுவும் பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள். தரையிலிருந்து ஈரம் ஏறும். ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் உலர்ந்து போய்விடும். வருடா வருடம் பொங்கலுக்கு வெள்ளையடித்து, உதிர்ந்த இடத்தைப் பூசி, அந்தச் சுவரை அப்படித்தான் காப்பாற்றி வந்தார்கள். இப்போது விற்பதற்கு முன்னால் அதன் மேல் முக்கால் அங்குலத்துக்கு சிமெண்டு அப்பி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடிக்கிறார்கள். ஈரம் ஏறுவது நிற்கவில்லை, உலர்கிற வழி மட்டும் அடைபட்டுவிட்டது. அது சுவருக்குள்ளேயே நின்று, முழங்கால் உயரத்தில் இருந்தது இடுப்பு உயரத்துக்குப் போகும். மண் நனைந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வெளியே சிமெண்டு ஓடு மாதிரி நிற்கும், உள்ளே சுவர் சோறு மாதிரிக் குழைந்துகொண்டிருக்கும். அந்தச் சுவரின் மேல்தான் உத்திரத்தின் முனை உட்கார்ந்திருக்கிறது. சோழவந்தான் வீட்டில் தேக்கு மரத்துக்குள் கரையான் ஏறியது இப்படி நனைந்த சுவர் வழியாகத்தான்.

சிமெண்டு பூச்சினால் மண்சுவருக்குப் பலம் கூடாது. உள்ளே இருக்கும் சேதத்தை அது மறைக்கும், வளர்க்கவும் செய்யும். ஒரு பழைய வீட்டில் சமீபத்தில் பூசிய சிமெண்டைப் பார்த்தால் சந்தோஷப்படாமல் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். காலிப் பானை மாதிரிச் சத்தம் வந்தால் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்துவிட்டது. சுவரின் கீழ் நாலடிக்கு மட்டும் டைல்ஸ் ஒட்டியிருந்தால், எதற்காக ஒட்டினார்கள் என்று கேளுங்கள். அலமாரிக்குப் பின்னால் பாருங்கள். அங்கே யாரும் பெயிண்ட் அடித்திருக்க மாட்டார்கள். உப்புப் பூத்திருப்பது அங்கேதான் தெரியும்.

இதைச் சொன்னால் உடனே, "நாயக்கர் மகால் நிக்கலையா சார்? அதுவும் சுண்ணாம்புதான்" என்பார்கள். மகால் 1636-ல் கட்டியது, சரி. அன்றைக்குக் கட்டியதில் இன்று மிஞ்சியிருப்பது ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். அதுவும் தானாக நிற்கவில்லை. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் காலத்தில் பெரிய அளவில் பழுது பார்த்தார்கள். அதற்குப் பிறகும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். நீங்கள் வாங்கும் வீட்டைப் பாட்டி காலமான பிறகு பதினைந்து வருடம் பூட்டிப் போட்டிருந்தார்கள். மாடியில் தட்டோட்டு இடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. இரண்டையும் எப்படி ஒன்றாகப் பேசுகிறீர்கள்? அந்தக் காலத்துக் கட்டடத்தில் எனக்கும் ஆசை உண்டு. சரியாகப் பராமரித்த மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டங்கள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட தளம்) வீட்டின் குளிர்ச்சியை எந்தக் கான்கிரீட் வீடும் தராது. அப்படிப்பட்ட வீடுகளை வாங்குங்கள் என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

மண்ணைப் பற்றியும் ஒன்று. திருமங்கலம் தாண்டி கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டி, பேரையூர் பக்கம் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். அது கரிசல். மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும், மேலே இருக்கும் சுவரையும் சேர்த்து ஆட்டும். கரிசலில் ஆழமில்லாத அஸ்திவாரத்தில் நிற்கும் பழைய வீட்டின் விரிசல் சித்திரையில் வாயைத் திறக்கும், கார்த்திகையில் மூடிக்கொள்ளும். தை மாதம் வீட்டைப் பார்த்துவிட்டு, "மயிரிழை விரிசல்தான், பட்டி பார்த்தால் போதும்" என்று அட்வான்ஸ் கொடுத்தவர்கள் மே மாதம் என்னிடம் வந்திருக்கிறார்கள். விரலை உள்ளே விடலாம். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி சாய்வாக ஏறும் விரிசலைக் கண்டால் நின்று பாருங்கள். ஏற்கெனவே பூசி அடைத்து, மறுபடி அதே கோட்டில் விட்டிருந்தால் அந்தச் சுவர் இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது.

மேலூர், அலங்காநல்லூர்ப் பக்கம் செம்மண், அந்தக் கவலை குறைவு. அங்கே வேறு தொந்தரவு. தெருவுக்கு சிமெண்டு ரோடு போட்டு, அதன் மேல் இன்னொரு தடவை போட்டு, நாலு படி ஏறிப் போன வீடெல்லாம் இப்போது தெருவுக்குக் கீழே போய்விட்டது. மழை பெய்தால் வாறுகால் தண்ணீர் திண்ணையைத் தொடும். சுவர் ஈரத்துக்குப் பாதிக் காரணம் இதுதான். இதைத் தெரிந்துகொள்ள எஞ்சினியர் வேண்டாம், மழை நாளில் ஒரு தடவை போய் நின்றால் போதும். ஆனால் வீடு பார்க்கப் போகிற யாரும் மழை நாளில் போவதில்லை.

இன்னொன்றை வக்கீல்களும் கவனிப்பதில்லை. பாகப்பிரிவினையில் அண்ணனுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி என்று பிரிந்த வீட்டில் தம்பி பாகத்தை நீங்கள் வாங்குகிறீர்கள். பத்திரத்தில் நடுச்சுவர் பொதுச்சுவர் என்று ஒரு வரி இருக்கும். அந்தச் சுவரில் உங்கள் கூரையின் மரச்சட்டங்களின் முனையும் இருக்கிறது, அவர்கள் மரச்சட்டங்களின் முனையும் இருக்கிறது. நாளைக்கு அண்ணன் மகன் அந்தப் பக்கத்தை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டுவார். அவர் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது உங்கள் சுவர் எதைப் பிடித்து நிற்கும்? இப்படி இடித்த மறுநாள் முட்டுக் கொடுக்க நான் ஓடியிருக்கிறேன்.

மாடியில் சுமை ஏற்றுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒழுகுகிறது என்று மெட்ராஸ் டெரஸ் மேல் மூன்று அங்குலம் கான்கிரீட் போட்டிருப்பார்கள். பத்துக்குப் பத்து அறைக்கு அது மட்டுமே சுமார் 1,700 கிலோ. பிறகு ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்று வைப்பார்கள், நிரம்பினால் இன்னொரு டன். இவ்வளவையும் தாங்குவது முனை உளுத்த மரம்.

அப்படியானால் என்ன செய்வது? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், கட்டமைப்பு தெரிந்த ஒரு எஞ்சினியரை அழைத்துப் போய் முழு ஆய்வு செய்யுங்கள். ஹாலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லை, வாங்கலாம்" என்பது ஆய்வு கிடையாது. நான் போனால் குறைந்தது அரை நாள் ஆகும். ஒவ்வொரு உத்திரத்தின், ஒவ்வொரு சட்டத்தின் இரண்டு முனையையும் தட்டிக் குத்திப் பார்க்க வேண்டும். தூக்குக்குண்டு விட்டுச் சுவர் சாய்ந்திருக்கிறதா, எவ்வளவு என்று அளக்க வேண்டும். சுவரோரம் ஒரு குழி தோண்டி அஸ்திவாரம் எத்தனை அடி, எந்த மண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாடிக்கு ஏறியாக வேண்டும். பின்கட்டில் பிற்பாடு சேர்த்த கான்கிரீட் சமையலறை, பாத்ரூம் இருந்தால் கம்பியின் நிலையைச் சோதிக்க வேண்டும். ஓரிடத்தில் உடைத்து பினாப்தலீன் என்ற ரசாயனக் கரைசலைத் தெளித்தால் காரத்தன்மை குறையாத கான்கிரீட் ரோஸ் நிறமாகும். நிறம் மாறாத பகுதி கம்பி வரை போயிருந்தால் துரு பிடிக்க வழி திறந்துவிட்டது என்று அர்த்தம். பழுது பார்க்க எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீட்டோடு இவை எல்லாம் படத்தோடும் அளவோடும் எழுத்தில் வர வேண்டும். வாயால் சொல்வதை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

விற்பவரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் நாலு இடத்தில் திறக்கச் சொல்லுங்கள். குழி தோண்ட விடமாட்டேன், சீலிங்கைத் தொடக்கூடாது என்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். "நாளைக்கே வேற பார்ட்டி வர்றாங்க" என்று புரோக்கர் சொல்வார். வரட்டும். கிரய ஒப்பந்தம் போடுவதாக இருந்தால், ஆய்வில் பெரிய குறை வந்தால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

பிறகு வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பும் வேண்டாம். 1882-ம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு, விற்பவர் தனக்குத் தெரிந்த முக்கியக் குறையைச் சொல்லியாக வேண்டும் என்கிறதுதான். ஆனால் அது வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் தெரிய வராத குறைக்கு. நீங்கள் ஏணியே வைக்காமல் வாங்கியிருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் கேட்கும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் உள்ள ஐந்து வருடக் கட்டமைப்புப் பொறுப்பு புதிதாகக் கட்டி விற்கும் புரமோட்டருக்கு. பெரியப்பா வீட்டை விற்கும் மனிதருக்கு அது பொருந்தாது.

ஆய்வுக்குச் செலவாகுமே என்கிறார்கள். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இருபது லட்சத்துக்கு வாங்கினால் 1,80,000 ரூபாய், பேரம் பேசாமல் கட்டுகிறீர்கள். ஆய்வுக்கு அதில் சின்னப் பங்குதான் ஆகும். ஆய்வு அறிக்கையைக் காட்டி விலையைக் குறைத்து வாங்கியவர்களும் என்னிடம் வந்தவர்களில் இருக்கிறார்கள்.

சோழவந்தான் வீட்டில் அன்றைக்கே இரும்பு ஜாக்கி வரவழைத்து உத்திரத்தின் இரண்டு முனையிலும் முட்டுக் கொடுத்தோம். மாடித் தொட்டியைக் காலி செய்து இறக்கியாயிற்று. இரண்டு பேரும் இப்போது பின்கட்டில் இருக்கிறார்கள், ஹாலைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே இருக்கும் மூன்று உத்திரங்களில் இரண்டை மாற்ற வேண்டும், ஒரு சுவரைப் பிரித்துக் கட்ட வேண்டும். மாடி ரூம் பேச்சை அவர்களே விட்டுவிட்டார்கள்.

ஏற்கெனவே இப்படி ஒரு வீட்டை வாங்கிக் குடியிருக்கிறீர்கள் என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஏணியும் ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொள்ளுங்கள். உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் அழுத்திப் பாருங்கள். இறங்கினால், அதன் கீழ் யாரையும் படுக்க விடாமல், ஐப்பசி மழை தொடங்குவதற்குள் ஒரு எஞ்சினியரைக் கூப்பிடுங்கள்.