"பழகிவிட்டது, டாக்டர்" என்பது அளவீடு அன்று

கடல் நடுவே எண்ணெய் மேடைகளில் உழைப்போருக்கு மருத்துவம் பார்க்கும் எனக்கு, சென்ற மாதம் வந்த நசுங்கிய விரல் புதிதன்று. ஏழு இரவுகள் வேலை பார்த்துவிட்டுப் பகல் ஷிப்டுக்கு மாறிய முதல் நாளில் நேரும் காயங்களில் அதுவும் ஒன்று. நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டதற்கு, "எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது, டாக்டர்" என்றார் அவரும்.

இந்த வாக்கியத்தைத்தான் என்னால் இனியும் பொறுக்க முடியவில்லை. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், தொடர்ந்து 14 நாள்கள், அதாவது மேடையில் ஒருவர் வழக்கமாகத் தங்கும் இரண்டு வாரங்கள், இரவுக்கு ஆறு மணி நேரமே படுக்க விடப்பட்டவர்களின் கவனம், ஓர் இரவு முழுக்கக் கண்விழித்தவர்களின் நிலைக்குச் சரிந்தது. அவர்களோ, இலேசாகத் தூக்கம் வருகிறது என்று மட்டுமே சொன்னார்கள். பழகிப்போவது களைப்பு அன்று, களைப்பை உணராமை. களைத்த மூளையிடமே களைப்பைப் பற்றிக் கேட்டால் வேறென்ன பதில் வரும்?

வருகைப் பதிவேடும் இதைச் சொல்லாது. பன்னிரண்டு மணி நேர ஓய்வு என்று அதில் எழுதியிருக்கும். பணி ஒப்படைப்பு, சாப்பாடு, வீட்டுக்கு ஒரு அழைப்பு, சுவருக்கு அப்பால் இயந்திர இரைச்சல் எல்லாம் போக மிஞ்சிய தூக்கத்தை, மணிக்கட்டில் கட்டும் அசைவுமானி ஓரளவு சரியாகக் காட்டும். திரையில் குறி தோன்றியதும் பொத்தானை அழுத்தும் பத்து நிமிடச் சோதனையில், அரை விநாடிக்கு மேல் தாமதித்த தருணங்களை எண்ணினால் விழிப்பின் தளர்ச்சி புலப்படும். ஒன்றிலிருந்து ஒன்பது வரை தூக்கக் கலக்கத்தைத் தாமே குறிக்கும் படிவமும் உண்டு; ஆனால் மேற்பார்வையாளர் பார்க்க எவரும் எட்டு என்று எழுதி நான் கண்டதில்லை.

மேலாளர்களே, தங்கலின் நடுவில் இரவையும் பகலையும் மாற்றாதீர்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால், முதல் இரண்டு மூன்று நாள்களில் கனரகத் தூக்குதல்களையும், அதிகாலை இரண்டு முதல் ஆறு மணி வரை ஆபத்தான பணிகளுக்கான அனுமதிச் சீட்டுகளையும் தவிர்த்துவிடுங்கள். களைப்பாக இருக்கிறது என்று சொன்னவரைக் கரைக்கு அனுப்பிவிடுவோம் என்று மிரட்டினால், அடுத்தவர் வாயே திறக்கமாட்டார்.

பணியாளர்களே, ஷிப்டின் கடைசி ஆறு மணி நேரத்தில் காபி வேண்டாம். இருபது நிமிடம் கண்ணயரலாம், ஆனால் எழுந்தவுடன் கிரேனில் ஏறாதீர்கள். கடைசி இரவு ஷிப்டை முடித்து ஹெலிகாப்டரில் கரையிறங்கிய கையோடு காரை எடுத்து வீட்டுக்குப் புறப்படுவோரிடம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: அங்கேயே சில மணி நேரம் தூங்குங்கள், அல்லது வேறு யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள்.