'நெரொஸும்னீ': அகராதியின் முதல் சொல்லை நம்பாதீர்கள்

செக் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பதுதான் என் தொழில். புதிதாக வருபவர்களின் வரைவைத் திருத்தும்போது நான் அடிக்கடி நின்றுவிடும் இடம் 'நெரொஸும்னீ'. 'ரொஸும்' என்றால் புத்தி. 'நெ' அதை மறுக்கிறது. புத்திக்குப் பொருந்தாத ஆள், செயல், முடிவு எல்லாவற்றுக்கும் செக்காரர்கள் இதைச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அப்படி ஒரே சொல் கிடையாது.

ஒரு கடிதம் நினைவிருக்கிறது. இப்போது ஒப்பந்தத்தை முறிப்பது 'நெரொஸும்னே' (அதே சொல்லின் இன்னொரு வடிவம்) என்று ஒருவர் தன் கூட்டாளிக்கு எழுதியிருந்தார். வரைவில் 'ஃபூலிஷ்' என்று இருந்தது. அகராதியிலும் அந்தச் சொல் இருக்கிறது. ஆனால் எழுதியவர் சொன்னது 'அவசரப்படாதீர்கள்' என்ற அக்கறை. ஆங்கிலத்தில் படிப்பவர் காதில் விழுவது 'உனக்கு அறிவில்லையா'. அப்படித் திட்ட வேண்டுமென்றால் செக்கிலேயே 'ஹ்லௌபீ' இருக்கிறது, அவர் அதை எடுக்கவில்லையே! 'அன்வைஸ்' என்று மாற்றினேன். மருந்தை நிறுத்துவது நல்லதல்ல என்று மருத்துவர் எழுதும்போதும் அதே சொல்தான் பொருந்தும்.

இதைவிடப் பெரிய பொறி 'அன்ரீசனபிள்'. 'ரொஸும்னீ' விலை என்றால் 'ரீசனபிள்' விலை, அது சரி. அதை வைத்துக்கொண்டு எதிர்ச்சொல்லையும் அப்படியே திருப்பிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் ஒருவரை 'அன்ரீசனபிள்' என்றால் அவர் பிடிவாதக்காரர், நியாயம் பேச முடியாதவர் என்று குற்றம் சாட்டுவதாகும். செக் வாக்கியத்தில் பெரும்பாலும் அந்தக் குற்றச்சாட்டே இருக்காது. விலை அநியாயமாக இருந்தால்கூட, 'அளவுக்குப் பொருந்தாத' என்று பொருள்படும் வேறு சொல்லைத்தான் செக்காரர்கள் அதிகம் எடுப்பார்கள்.

1800 எழுத்தை ஒரு பக்கமாகக் கணக்கிட்டுக் கூலி வாங்கும் தொழில் இது. அவசரத்தில் கண்ணில் பட்ட முதல் சொல்லை வைத்துவிட்டுப் போகத்தான் தோன்றும். அந்தச் சொல் ஆளைக் குறிக்கிறதா, அவர் செய்ததைக் குறிக்கிறதா என்று மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

குழந்தையைக் குறித்தால் இன்னும் கவனம் வேண்டும். ஒரு பழைய குடும்பக் கடிதத்தில், விளக்கைத் தட்டி உடைத்த பேரனைப் பற்றிப் பாட்டி 'நெரொஸும்னே' பிள்ளை என்று எழுதியிருந்தார். நம் ஊரில் 'விவரம் தெரியாத பிள்ளை' என்போமே, அதேதான். 'ஸ்டுபிட்', 'ஃபூலிஷ்' எதுவும் அந்தப் பாட்டியின் குரலில் ஒட்டவில்லை. கடைசியில் ஒற்றைச் சொல்லை விட்டுவிட்டு, 'டூ யங் டு நோ பெட்டர்' என்று விரித்து எழுதினேன்.