ஃப்ளூரைடு பேஸ்ட் கிருமியைக் கொல்கிறதா?

பல் சொத்தைக்குக் காரணம் வாயில் வாழும் பாக்டீரியாக்கள். அவற்றைக் கொன்றுதான் ஃப்ளூரைடு பேஸ்ட் சொத்தையைத் தடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதன் முக்கியமான வேலை பல்லின் மேற்பரப்பில்தான் நடக்கிறது.

இனிப்பு சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே, பல்லில் படிந்திருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அங்கே பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் கடினமான மேலுறையான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். அப்புறம் உமிழ்நீர் அமிலத்தைத் தணிக்கும். கரைந்ததில் ஒரு பகுதி திரும்பவும் படியும். தினமும் நடக்கும் இந்தப் போக்குவரத்தில் இழப்பு தொடர்ந்து கூடினால் சொத்தை.

பல்லைச் சுற்றி கொஞ்சம் ஃப்ளூரைடு இருந்தாலே கரைவது குறைகிறது, படிவது வேகமாகிறது. ஃப்ளூரைடு சேர்ந்து படிந்த எனாமல், பி.எச். ஏறக்குறைய 4.5 வரை தாங்கும். ஆரம்பச் சொத்தையின் வெள்ளைத் திட்டுகள் இப்படி மீள வாய்ப்புண்டு. குழி விழுந்துவிட்டால் பல் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும்.

சரி, பாக்டீரியாவை அது ஒன்றுமே செய்வதில்லையா? செய்கிறது. அது செய்யும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பாக்டீரியா வெளியிட்ட அமிலத்திலேயே ஃப்ளூரைடு ஹைட்ரஜனோடு சேர்ந்து, செல்லின் சவ்வைக் கடந்து உள்ளே போய்விடுகிறது. உள்ளே அமிலம் குறைவு என்பதால் மறுபடி பிரிந்து, சர்க்கரையைச் சிதைக்க உதவும் ஈனோலேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது. அமில உற்பத்தி குறைகிறது. ஆனால் பாக்டீரியாக்களும் சும்மா இருப்பதில்லை; ஃப்ளூரைடை வெளியே தள்ளும் புரதங்கள் அவற்றிடம் இருப்பது 2012-இல் தெரியவந்தது. துலக்கிய கொஞ்ச நேரத்தில் வாயில் ஃப்ளூரைடின் அளவும் மளமளவென்று குறைந்துவிடும். ஆகவே இந்தத் தாக்கத்தைத் துணைப் பலனாகவே கொள்ளலாம். ஸ்டானஸ் ஃப்ளூரைடு பேஸ்ட் கொஞ்சம் வேறு. அதிலுள்ள வெள்ளீயமே பாக்டீரியாக்களை அடக்கும்.

பல்லைச் சுற்றி ஃப்ளூரைடு கொஞ்ச நேரமாவது தங்க வேண்டும் என்பதால்தான், துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீரால் கொப்பளிக்க வேண்டாம் என்கிறார்கள். நம் பழக்கத்துக்கு இது கஷ்டம்தான், ஆனால் அவசியம் பழகுங்கள். குறிப்பாக இரவில் இது முக்கியம்; அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீர் தூக்கத்தில் மிகவும் குறைந்துவிடும்.

குழந்தைகள் பேஸ்ட்டை விழுங்குவார்கள் என்பதால் மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில் ஃப்ளூரைடு அதிகமாக உள்ளே போனால் எனாமலில் திட்டுகள் விழும். தர்மபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளூரைடு கூடுதலாக இருந்ததால் பலரின் பற்கள் பழுப்பேறின. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அங்கே காவிரி நீரைக் கொண்டுவந்தது இதற்காகத்தான்.