கேப்சர் கார்டு: காட்சி உள்வாங்கி

கேம்கார்டரிலிருந்து வரும் காட்சியையும் ஒலியையும் வாங்கி, மடிக்கணினி கையாளக்கூடிய தரவாக மாற்றி, யூஎஸ்பி வழியாக அதற்குள் செலுத்தும் சிறு கருவியே கேப்சர் கார்டு. திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டையும் சாமியாட்டத்தையும் மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு நேரலையில் காட்டும் வீடியோக்காரர்களுக்கு இது அன்றாடச் சொல்.

‘கேப்சர்’ என்பது பிடித்தல், கைப்பற்றுதல் என்று பொருள்படும் ‘காப்பெரே’ என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ‘கார்டு’ என்பது முன்பு கணினிப் பெட்டியைத் திறந்து தாய்ப்பலகையில் செருகிய மின்சுற்று அட்டையைக் குறித்தது; கருவி இன்று பென்டிரைவ் அளவுக்குச் சுருங்கிவிட்டபோதும் பெயர் மாறவில்லை.

இக்கருவியின் தேவை பலருக்கும் விளங்குவதில்லை. கேம்கார்டரிலும் மடிக்கணினியிலும் காட்சியையும் ஒலியையும் கடத்தும் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதே, நேராக ஒரு வயரைச் செருகினால் போதாதா என்று கேட்கிறார்கள். இரண்டு துளைகளும் பொதுவாகக் காட்சியை வெளியே அனுப்புபவையே. வாங்கிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. பல கேம்கார்டர்களின் யூஎஸ்பி துளையோ பதிவான கோப்புகளை எடுக்க மட்டுமே உதவும். மினி டிவி (MiniDV) கேசட் காலத்துக் கேம்கார்டர்கள் எண்முறைக் காட்சியை ஃபயர்வயர் என்னும் வேறொரு துளை வழியாகவே அனுப்பியதால், அந்தத் துளை உள்ள கணினிக்குக் கேப்சர் கார்டு தேவைப்படவில்லை. நொடிக்கு 60 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) கொண்ட முழு எச்டி காட்சி, சுருக்கப்படாத நிலையில் நொடிக்கு ஏறத்தாழ 2 ஜிகாபிட் ஆகும், யூஎஸ்பி 2.0 தாங்குவது நொடிக்கு 480 மெகாபிட் என்பதால், யூஎஸ்பி 2.0 வகைக் கருவி படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். கேம்கார்டர் திரையில் தெரியும் பேட்டரிக் குறியும் பதிவுக் குறியும் நேரலையிலும் தெரியாமலிருக்க, வெளியீட்டு அமைப்பில் அவற்றை முதலில் அணைத்துவிட வேண்டும்.

தமிழில் ‘படம்பிடிப்பி’ என்றால் அது கேமராவையே குறித்துவிடும், ஏனெனில் படம் பிடிப்பது கேமராவின் வேலை. ‘பிடிப்பு அட்டை’ என்பதோ இல்லாத அட்டையைச் சுமக்கிறது. காட்சி எந்தத் திசையில் போகிறது என்பதைச் சொல்வதால் ‘காட்சி உள்வாங்கி’ என்பதே பொருத்தமானது என்று கருதுகிறேன். திருச்செந்தூர்க் கரையில் ‘கடல் உள்வாங்கியது’ என்றால் பின்வாங்கியது என்று பொருள். ஆனாலும் ‘காட்சி’ என்னும் முன்சொல் அக்குழப்பத்துக்கு இடம் தராது.

பயன்பாடு: “கேமரா வயரைக் காட்சி உள்வாங்கியில் செருகி, அதை மடிக்கணினியின் யூஎஸ்பி 3.0 துளையில் மாட்டுங்கள். ஓபிஎஸ் என்னும் நேரலை மென்பொருளில் அது வெப்கேம் போலவே தெரியும்.”